மலைக்காட்டுப் புறா ஊருக்குள் வந்தால்...!

விடியற்காலை நேரம். சேரப்பணஞ்சேரிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. இரவு ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். அலுவலகக் கட்டடத்தின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிச் சுவருக்கு அடியில் ஒரு பறவை கிடக்கிறது.

காவலாளி குனிந்து பார்க்கிறார். புறாதான். ஆனால், கோவில் கோபுரத்தில் குடி இருக்கும் சாம்பல் நிறப் புறா அல்ல. அதன் சிறகுகள் பச்சைக் கல்லைப் போல் மின்னுகின்றன. அலகு பவழம் போல் சிவந்து இருக்கிறது.

"யார் வீட்டிலோ வளர்த்த புறா போல் இருக்கிறது" என்கிறார் ஒருவர்.

"யாரோ சாயம் பூசி விட்டு இருப்பார்கள்" என்கிறார் இன்னொருவர்.

அதற்குள் கம்பெனி பஸ் வந்து விடுகிறது. எல்லோரும் ஏறிப் போய் விடுகிறார்கள். பறவை குப்பைக் கூடைக்குப் போகிறது.

இது கற்பனைக் காட்சி. ஆனால், நடக்க முடியாத காட்சி அல்ல! அப்படி நடந்தால், குப்பைக்குப் போனது தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. அதோடு சேர்ந்து ஒரு செய்தியும் குப்பைக்குப் போய் விட்டது. அந்தச் செய்தி எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் நின்ற காவலாளி ஒருவருக்குத்தான் கிடைத்து இருக்கும்!

யார் இந்த மரகதப்புறா?

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. மாநிலப் பூ செங்காந்தள். மாநில விலங்கு வரையாடு. மாநிலப் பறவை மரகதப்புறா.

பனை மரத்தை எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரை தோறும் நிற்கிறது. ஆனால், "மரகதப்புறாவை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்று ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டால், எத்தனை கை உயரும்?

பிள்ளைகள் மீது தவறு இல்லை. மரகதப்புறா மலைக்காட்டில் வாழும் பறவை. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை போன்ற இடங்களில் மரங்கள் அடர்ந்த நிழலில் அது இருக்கும். மூங்கில் புதர் ஓரத்திலும், காட்டுப் பாதையிலும் தரையில் நடந்து இரை தேடும். கீழே விழுந்து கிடக்கும் பழம், விதை இவைதான் அதன் முக்கிய உணவு.

ஆள் வரும் சத்தம் கேட்டால் போதும். சர்ரென்று எழும்பி, மரங்களுக்கு நடுவே தாழ்வாகப் பறந்து மறைந்து விடும். பலர் பார்ப்பது ஒரு பச்சை மின்னலைத்தான். "ஊம்... ஊம்..." என்று யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல் அதன் குரல் கேட்கும்.

இந்தியாவில் மட்டும் அல்ல; இலங்கை, மலேசியா, இந்தோனேசியா வரை இந்தப் புறா இருக்கிறது.

மலையை விட்டு ஏன் இறங்குகிறது?

காட்டில் எல்லா மரமும் ஒரே நாளில் பழுப்பது இல்லை. இன்று ஒரு பக்கம் அத்தி பழுக்கும். அடுத்த மாதம் வேறு பக்கம் வேறு மரம் பழுக்கும். ஒரு வருஷம் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். மறு வருஷம் ஏமாற்றி விடும்.

ஆகவே, பழம் தின்னும் பறவைக்கு ஒரே வீடு போதாது. பழம் இருக்கும் இடம்தான் அதற்கு ஊர். கூலி வேலை தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பத்தைப் போல், அது இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்படிப் போகும்போது, சில பறவைகள் வழக்கமான எல்லையைத் தாண்டி விடும். சென்னையில் மரம் அடர்ந்த பழைய தோட்டங்களில் மரகதப்புறாவைக் கண்டதாகப் பறவை நோக்கர்கள் குறித்து வைத்து இருக்கிறார்கள். நகரத்துக்கே வரும் பறவை, வழியில் இருக்கும் சேரப்பணஞ்சேரி ஏரிக்கரை ஆலமரத்தடியிலும் இறங்கக் கூடும் அல்லவா?

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே இருக்கிறது சேரப்பணஞ்சேரி. ஒரு காலத்தில் வயலும் ஏரியும் பனையுமாக இருந்த வட்டாரம். இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று செய்து குவிக்கும் தொழிற்சாலைகள். இந்த வட்டாரத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் இருங்காட்டுக்கோட்டை. பெயரிலேயே காடு இருக்கிறது!

பெயரில் இருக்கும் காடு தரையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? எந்த ஆலமரம் இன்னும் பறவைக்குச் சோறு போடுகிறது? இதைச் சொல்லக் கூடிய சாட்சிகளில் ஒன்று, வழி மாறி வந்து இறங்கும் மலைக்காட்டுப் புறா.

விதைக்கும் புறா, அரைக்கும் புறா

பழம் தின்னும் புறாக்கள் எல்லாம் ஒன்று அல்ல. அவற்றின் வயிற்றில் ஒரு வித்தியாசம் இருக்கிறது.

கோழி அறுக்கும்போது கல்லீரலோடு சேர்ந்து "மாங்காய்" என்று ஒரு கெட்டியான தசைப்பை வருமே, பார்த்து இருக்கிறீர்களா? அதுதான் பறவையின் அரைவைப் பை. பச்சைப்புறாவுக்கு அது மிகவும் பலமானது. சிறு கற்களை விழுங்கி, அவற்றின் உதவியால் விதையை அந்தப் பையில் போட்டு அரைத்து விடும். மரகதப்புறாவும் விதையை அரைத்துத் தின்னும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

மலை உச்சிக் காடுகளில் இன்னொரு பெரிய புறா உண்டு. கிட்டத்தட்ட ஒரு கோழி அளவு இருக்கும். அதன் அரைவைப் பை மெல்லியது. அது பழத்தை முழுதாக விழுங்கும். சதை மட்டும் ஜீரணம் ஆகும். விதை உடையாமல் அப்படியே வெளியே வரும். காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதையைக் கூட அது சுமந்து போய், தூரத்தில் போட்டு விடும். விழுந்த இடத்தில் விதை முளைக்கும்.

மரத்துக்குக் கால் இல்லை. அதன் விதைக்குச் சிறகு கொடுப்பது இந்தப் புறா! அது வருவது நின்றால், அடுத்த தலைமுறை மரமும் குறையும். எந்தப் புறா எங்கே போகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கு வைப்பது இதற்காகத்தான்.

கடல் தாண்டிய நிக்கோபார் புறா

வழி மாறி வந்த புறாவைக் குறித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்.

நம் நாட்டின் நிக்கோபார் தீவுகளில் ஓர் அழகான காட்டுப்புறா இருக்கிறது. கழுத்தில் நீண்ட இறகுகள் சடை போல் தொங்கும். உடல் பச்சையும் செம்பும் கலந்து மின்னும். வால் மட்டும் வெள்ளை. மொரீஷியஸ் தீவில் 17-ஆம் நூற்றாண்டில் அழிந்து போன "டோடோ" பறவைக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவு இந்தப் புறாதான்.

நிக்கோபாரில் தொடங்கி, கிழக்கே பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகள் வரை இந்த இனம் இருக்கிறது. ஆனால், ஆஸ்திரேலியக் கண்டம் அதன் ஊர் அல்ல.

2017-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் ஒரு நிக்கோபார் புறா வந்து இறங்கியது! அந்தக் கரையைக் காத்து வரும் பழங்குடிக் காவல் பணியாளர்கள் அதைக் கண்டார்கள். "புதிதாக இருக்கிறதே" என்று உடனே அதிகாரிகளுக்குச் சொன்னார்கள். வெளியில் இருந்து வரும் பறவையோடு நோயும் வரலாம் என்பதால், அதைப் பிடித்துத் தனியே வைத்துச் சோதித்தார்கள். பிறகு அடிலெய்ட் நகரத்தின் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள்.

அதை முதலில் கண்டு சொன்னவர்கள் அந்தக் கரையில் தினமும் நடப்பவர்கள். தங்கள் ஊரில் எது உண்டு, எது இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே, புதியதைப் பார்த்ததும் கண் நின்றது.

கண்ணாடி என்னும் எமன்

மறுபடியும் அந்தத் தொழிற்சாலைக் கண்ணாடிக்கு வருவோம்.

காட்டுப்புறாவுக்குக் கண்ணாடி தெரியாது. கண்ணாடியில் மரமும் வானமும் தெரிந்தால், அதை உண்மையான மரம் என்று நினைத்துக்கொள்ளும். மரகதப்புறா வேகமாகவும் தாழ்வாகவும் பறக்கும் பறவை. அதே வேகத்தில் போய் மோதினால், கழுத்தும் தலையும் அடிபட்டு விழுந்து விடும்.

சிங்கப்பூரில் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள், கட்டடங்களில் மோதிய பறவைகளைக் கணக்கு எடுத்தார்கள். செத்துக் கிடந்த பறவையைக் கண்ட பொதுமக்கள் தகவல் சொன்னார்கள். இப்படி அடிபட்டவற்றில் மரகதப்புறாவும் உண்டு, பச்சைப்புறாவும் உண்டு.

ஒவ்வொரு பறவையும் ஒரு வரிக் குறிப்பு. பல ஆண்டு வரிகளும் சேர்ந்தபோது, எந்தப் பறவை அதிகம் சாகிறது, எந்த மாதிரிக் கட்டடம் கொல்லுகிறது என்று தெரிந்தது. இப்போது அங்கே கட்டடம் கட்டுபவர்களிடம் காட்ட ஒரு கணக்கு இருக்கிறது.

செலவு அதிகம் இல்லாத பரிகாரமும் உண்டு. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சிறு புள்ளிகளோ கோடுகளோ ஒட்ட வேண்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. தேவை இல்லாத விளக்குகளை இரவில் அணைத்து விட வேண்டும்.

மோதிய பறவைக்கு உயிர் இருந்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள்! காற்றுப் போக ஓட்டை போட்ட ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். மயக்கம் தெளிந்தால், ஒரு மணி நேரத்தில் பறக்கத் தயார் ஆகி விடும். மரத்தடியில் கொண்டு போய்த் திறந்து விடுங்கள். தெளியவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளர்க்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. காட்டுப் பறவையைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எப்படி அடையாளம் காண்பது?

பச்சை நிறம் கண்டதும் "மரகதப்புறா" என்று எழுதி விடக் கூடாது. நம் சமவெளியில் மஞ்சள்கால் பச்சைப்புறா என்று ஒன்று உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

மஞ்சள்கால் பச்சைப்புறா ஆலமரத்தின் உச்சியில் கூட்டமாக உட்காரும். இலையோடு இலையாக மறைந்து இருக்கும். தரைக்கு வருவது அபூர்வம். பெயரில் உள்ளபடி அதன் கால் மஞ்சள். இது மராட்டிய மாநிலத்தின் மாநிலப் பறவை.

மரகதப்புறா தனியாகவோ ஜோடியாகவோ தரையில் நடக்கும். சிறகும் முதுகும்தான் பச்சை. தலையும் நெஞ்சும் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. அலகும் காலும் சிவப்பு. ஆண் புறாவின் நெற்றியில் வெள்ளைப் பட்டை இருக்கும். பறந்து போகும்போது கீழ் முதுகில் இரண்டு வெளிர் கோடுகள் தெரியும்.

சுருக்கமாகச் சொன்னால்: மேலே கூட்டமாக இருந்தால் பச்சைப்புறாவோ என்று பாருங்கள். கீழே தனியாக நடந்தால் மரகதப்புறாவோ என்று பாருங்கள்.

ஐந்து கேள்விகள்

பார்த்தால் மட்டும் போதாது. எழுத வேண்டும். கையில் நோட்டு இல்லையா? பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

ஒன்று: எந்த நாள், எத்தனை மணி?

இரண்டு: எந்த இடம்? "ஊர்ப் பக்கம்" என்று எழுதினால் பயன் இல்லை. "ஏரிக்கரை, தெற்கு மதகு, ஆலமரத்தடி" என்று எழுதினால் நாளை இன்னொருவர் போய்ப் பார்க்கலாம்.

மூன்று: எத்தனை பறவைகள்?

நான்கு: என்ன செய்தது? தின்றதா? என்ன பழம்? நடந்ததா, பறந்ததா, அடிபட்டுக் கிடந்ததா?

ஐந்து: எதைக் கண்டு அந்தப் பறவை என்று சொல்லுகிறீர்கள்? அலகு சிவப்பு, சிறகு பச்சை என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். காலைப் பார்க்கவில்லை என்றால், "கால் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அதில் வெட்கம் இல்லை. பொய்க் குறிப்பு ஒன்று, உண்மைக் குறிப்பு நூறைக் கெடுத்து விடும்!

காலில் வளையம் இருக்கிறதா, வால் இறகு கூண்டுக் கம்பியில் உரசித் தேய்ந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அது யாரோ வளர்த்துத் தப்பி வந்ததாக இருக்கலாம். கைபேசி இருந்தால் ஒரு படம் எடுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்தக் குறிப்பைச் சேர்த்து வைக்க "இ-பேர்ட்" என்ற உலகப் பறவைக் கணக்கு இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. கைபேசியிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. வழக்கத்துக்கு மாறான பறவையை எழுதினால், விஷயம் தெரிந்த ஒருவர் "என்ன பார்த்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல; கணக்கு சுத்தமாக இருப்பதற்காக.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணினால் போதும். 2023-ல் வெளிவந்த "இந்தியப் பறவைகளின் நிலை" அறிக்கை, சுமார் 30,000 பேர் எழுதிய குறிப்புகளை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. வேறு வேறு வேலை பார்க்கும் சாதாரண மக்கள்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பம்பாயில் ஒரு சிறுவன் தான் சுட்ட சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டான். "இது என்ன குருவி?" என்று கேட்டுக்கொண்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலில் போய் நின்றான். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பறவை நிபுணர் சாலிம் அலி!

எண்ணியே காப்பாற்றினார்கள்!

"எழுதி வைத்தால் பறவை பிழைத்து விடுமா?" என்று கேட்கலாம். பிழைத்த கதை ஒன்று இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரை. அங்கே கறுப்பும் வெள்ளையுமான ஒரு பெரிய பழப்புறா உண்டு. அது கடலில் உள்ள சிறு தீவுகளில் கூடு கட்டும். பகலில் கரைக்கு வந்து மழைக்காட்டில் பழம் தின்னும். மாலையில் குஞ்சுக்கு உணவு கொடுக்கத் தீவுக்குத் திரும்பும். புறாவின் தொண்டைப்பையில் பால் போன்ற ஒரு சத்து ஊறும். தாய், தகப்பன் இரண்டுமே அதை ஊட்டும்.

அந்தப் புறாக்களைத் துப்பாக்கிக்காரர்கள் தீவிலேயே சுட்டுக் குவித்தார்கள். பெற்றோர் செத்து விழ, கூட்டில் குஞ்சுகள் பட்டினியால் செத்தன.

ஆர்தர் தார்ஸ்போர்ன், மார்கரெட் தார்ஸ்போர்ன் என்ற கணவனும் மனைவியும் இதைக் கண்டு மனம் கொதித்தார்கள். 1965-ஆம் ஆண்டு முதல், புரூக் தீவுக் கரையில் உட்கார்ந்து, மாலையில் திரும்பும் புறாக்களை எண்ணத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணி எழுதினார்கள். "இவ்வளவுதான் மிச்சம்" என்று கணக்கைக் காட்டிக் காவல் கேட்டார்கள். சுடுவது நின்றது. புறாக்கள் பல மடங்கு பெருகின. ஆர்தரும் மார்கரெட்டும் இன்று உயிரோடு இல்லை. எண்ணும் வேலையை மற்ற தொண்டர்கள் தொடர்ந்தார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதம் பென்சிலும் காகிதமும்தான்!

வராததும் கணக்குதான்

சேரப்பணஞ்சேரிப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் போடலாம். ஊரில் உள்ள ஆல், அரசு, அத்தி மரங்களை முதல் பக்கத்தில் எழுதலாம். வாரம் ஒரு நாள் போய், எந்த மரம் பழுத்து இருக்கிறது, யார் யார் வந்து தின்கிறார்கள் என்று குறிக்கலாம்.

மைனா வரும். குயில் வரும். அணில் வரும். மரகதப்புறா வராமலே ஒரு வருஷம் போகலாம். "இன்று வரவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் கணக்குதான். வராத நாட்களை எழுதி வைத்தவனுக்குத்தான், வந்த நாளின் அருமை தெரியும். அந்த நாளை அவன் சொன்னால்தான் பிறர் நம்புவார்கள்.

நாளை சாலையை அகலப்படுத்த ஓர் ஆலமரத்தைக் குறி போடலாம். "இந்த மரத்தில் என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்கலாம். அப்போது, "எங்கள் தாத்தா காலத்து மரம்" என்று சொன்னால் அவர் காதில் விழாமல் போகலாம். "இதோ, ஐந்து வருஷக் கணக்கு. இத்தனை வகைப் பறவை இதை நம்பி வருகிறது" என்று நோட்டைப் பிரித்துக் காட்டினால், அவர் ஒரு நிமிஷம் நிற்க வேண்டி வரும்.

அந்தக் காவலாளி மறுபடி ஒரு நாள் குனிந்து பார்க்கட்டும். அன்று பறவை உயிரோடு இருந்தால் பெட்டிக்குள் வைக்கட்டும். இல்லை என்றால், வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதட்டும்: நாள், நேரம், இடம், பச்சைச் சிறகு, சிவப்பு அலகு.

அந்த ஒரு வரி போதும். மலையில் இருந்து இவ்வளவு தூரம் வந்த உயிருக்கு, நம் ஊரில் ஒரு வரி இடமாவது கொடுக்க வேண்டாமா?